13 குதிரைகள் – அத்தியாயம் 9: மேல்தளத்தில் ஆறு பேர்

அலறல்.

அந்த ஒற்றைச் சத்தத்தோடு போன வாரம் உங்களை நடுக்கடலில் தவிக்க விட்டுவிட்டுப் போனேன். ஒரு வாரம் பொறுத்ததே பெரிது. இனியும் சுற்றி வளைக்காமல் நேரே மேல்தளத்துக்குப் போய்விடுவோம்.

கும்மிருட்டு. காற்று அடங்கிக் கிடந்தது. கேபினில் உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த ருவால் அமுண்ட்சென், எழுத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தார். மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். என்ன ஆயிற்று என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்கத் தேவையே இருக்கவில்லை.

இன்ஜின் அறையின் கூரைச் சாளரம் வழியாகத் தீ எழும்பிக்கொண்டிருந்தது. கூடவே மூச்சை அடைக்கும் புகை.

மரக்கப்பலில் எங்கே தீப்பிடித்தாலும் ஆபத்துதான். அடுப்படியில் பிடித்தால் அணைத்துவிடலாம். பாயில் பிடித்தால் அறுத்துக் கடலில் தள்ளிவிடலாம். யோவா என்ற இந்தக் கப்பலிலோ, எந்த இடத்தில் பிடிக்கவே கூடாதோ அந்த இடத்தில் பிடித்திருந்தது. அந்தச் சின்ன அறைக்குள் இரும்புத் தொட்டிகள். தொட்டிகளுக்குள் மண்ணெண்ணெய். ஏறக்குறைய 10,000 லிட்டர்.

தொட்டிகளுக்கு நடுவே தீ.

மண்ணெண்ணெய் பெட்ரோலைப் போல அவசரக்காரர் அல்ல. குளிரில் கிடக்கும் மண்ணெண்ணெய் மேல் ஒரு தீப்பொறி பட்டால் சட்டென்று பற்றிக்கொள்ளாது. வட துருவத்துப் பக்கம் போகிற கப்பலில் அதை நம்பி ஏற்றலாம். ஆனால் மூடிய தொட்டிக்குள் அடைத்து, வெளியிலிருந்து சூடேற்றிப் பாருங்கள். உள்ளே எண்ணெய் ஆவியாகும். ஆவிக்கு இடம் போதாது. இரும்பு பிளந்துகொள்ளும். பிளந்த வாயில் தீ தயாராகக் காத்திருக்கும். அப்புறம் கப்பல் என்று ஒன்று இருக்காது. பின்னாளில் யாராவது தேடி வந்தால் அவர்கள் கையில் ஒரு பலகைத் துண்டு அகப்பட்டாலே அதிர்ஷ்டம்.

இது அந்தக் கப்பலில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். மொத்தம் ஏழு பேர்.

மேல்தளத்தில் நின்றவர்கள் ஆறு பேர்.

ஏழாவது ஆள் எங்கே?

கீழே. தீக்குள்.

குஸ்டாவ் யூல் வீக். இரண்டாம் இன்ஜினியர். கப்பலிலேயே வயதில் இளையவர். ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரத்துக்குப் போய்க் காந்த அளவீடுகளைக் கற்றுக்கொண்டு வந்தவர். நியாயமாகப் பார்த்தால் அவர் இருக்க வேண்டிய இடம் அளவுக் கருவிகளுக்குப் பக்கத்தில். ஆனால் ஏழே பேர் உள்ள கப்பலில் ஒரு வேலை மட்டும் தெரிந்த ஆளுக்கு இடம் கிடையாது. காந்த ஊசியைத் தொட்ட அதே விரல்கள் எண்ணெய்க் குழாயையும் திருகியாக வேண்டும்.

தீ கிளம்பிய கணத்திலிருந்து குஸ்டாவ் இடத்தை விட்டு நகரவில்லை.

வீரம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. அவர் மேலே ஏறி ஓடியிருந்தால் எங்கே போயிருப்பார்? யோவாவின் மொத்த நீளமே 70 அடி. தொட்டி வெடித்தால் உள்ளே நிற்பவரும் வெளியே நிற்பவரும் ஒன்றாகத்தான் போவார்கள். இந்தக் கணக்கு புரிந்தவருக்கு ஓட்டம் வீண் வேலை. கணக்கு எல்லோருக்கும் புரியும்தான். கண் எரிந்து, நெஞ்சு அடைத்து, மயிர் கருகுகிற வேளையில் அது நினைவில் நிற்க வேண்டுமே! குஸ்டாவுக்கு நின்றது.

தீயை ஒரே ஒரு நிமிடம் அப்படியே விடுங்கள். இந்த இன்ஜின் எதற்காக இந்தக் கப்பலுக்குள் வந்தது என்பதை நினைவுபடுத்திவிடுகிறேன். அது தெரியாவிட்டால் மேலே நிற்கிற அந்த ஆறு பேரின் முகம் நமக்குப் புரியாது.

யோவா இந்தப் பயணத்துக்காகப் பிறந்த கப்பல் இல்லை. நார்வேயில் ஹெர்ரிங் மீன் பிடிப்பதற்காக 1872இல் கட்டிய ஒற்றைப் பாய்மரக் கப்பல். 47 டன். அமுண்ட்சென் பிறந்ததும் அதே வருடம்தான். வடக்குப் பனிக்கடல் வழியாகப் போகும் வடமேற்குப் பாதையைத் தேடிப் போன பெரிய மனிதர்கள் எல்லோரும் பெரிய கப்பல்களில் போனார்கள். ஃபிராங்க்ளின் இரண்டு போர்க்கப்பல்களையும் அவற்றுக்குள் ரயில் இன்ஜின்களையும் ஏற்றிக்கொண்டு போனார். அவரும் திரும்பவில்லை, கூடப் போன 128 பேரும் திரும்பவில்லை. சிறுவயதில் அந்தக் கதையைப் படித்துப் பைத்தியமான அமுண்ட்சென், அதே கதையிலிருந்து தலைகீழான முடிவுக்கு வந்தார். சின்னக் கப்பல். ஏழு வயிறு. ஆழமில்லாத இடுக்குகளில் நுழைந்து வெளியேற வேண்டும்.

நுழையலாம். ஆனால் வெறும் பாயை நம்பி நுழைய முடியுமா? பனிப்பாறைகளுக்கு இடையே ஒரு சந்து திறக்கும். அரை நாள் திறந்திருக்கும். மறுபடி மூடிக்கொள்ளும். அந்த அரை நாளில் காற்று வராவிட்டால் ஒரு வருடம் போச்சு. எனவே டென்மார்க்கில் செய்த 'டான்' இன்ஜின் ஒன்றை வாங்கிப் பொருத்தினார். 13 குதிரைச் சக்தி. நம்மூரில் மூன்று கிணற்றடி பம்ப்செட்டுகளைச் சேர்த்தால் இதை மிஞ்சிவிடும்!

இருந்தாலும் அந்தப் பொடியன் கப்பலுக்கே செல்லப்பிள்ளையாகிவிட்டான். ஆளாளுக்கு அவனிடம் நல்ல பெயர் வாங்கத் துடித்தார்கள். மக்கர் செய்தால் உயிர்த் தோழன் கோபித்துக்கொண்டு போனதுபோல முகம் வாடினார்கள். பயணம் முடிந்தபிறகும், பாதையைக் கடந்ததில் இந்தச் சின்ன இன்ஜினுக்குப் பெரும் பங்கு உண்டு என்று அமுண்ட்சென் எழுதத் தயங்கவில்லை.

செல்லப்பிள்ளை தனியாக வரவில்லை. கூடவே எண்ணெயும் சூடும் வந்தன. அந்தக் காலத்து மண்ணெண்ணெய் இன்ஜினுக்கு எண்ணெயை ஊற்றினால் மட்டும் போதாது. அது ஆவியாக வேண்டும். ஆவியாகச் சூடு வேண்டும். எண்ணெய் இருக்கும் அறைக்குள்ளேயே சூட்டையும் குடிவைக்க வேண்டும். போதாக்குறைக்கு, இன்ஜின் பார்க்கிறவர் கைக்கு எந்நேரமும் ஒரு பிடி காட்டன் வேஸ்ட் தேவை. குழாயைத் துடைக்க, கையைத் துடைக்க, சொட்டுகிற இடத்தில் வைத்து அழுத்த. துடைத்ததும் பக்கத்தில் எங்காவது போடுவார்கள்.

பக்கத்தில் என்றால், அந்த அறையில் தொட்டிகள்தான் பக்கம்.

சரி, தீக்கு வருவோம்.

ஆறு பேரில் ஒருவர் கீழே குதித்தார். குஸ்டாவுக்குத் துணையாக இன்னொரு ஜோடிக் கை. தாவினவர் திரும்பி வருவாரா என்று மேலே நின்றவர்கள் கவலைப்படவும் நேரமில்லை. கப்பலில் இரண்டு தீயணைப்புக் கருவிகள் இருந்தன. அவற்றைப் பெட்டிகளுக்கு அடியில் புதைத்து வைக்காமல் எந்நேரமும் கைக்கு எட்டும் இடத்திலேயே வைத்திருந்தார்கள். யோவாவின் மேல்தளத்தை ஒருமுறை கற்பனை செய்து பாருங்கள். ஐந்து வருடத்துக்கான சாப்பாட்டு ஏற்பாடு. கீழே இடம் போதாமல் மேலே அடுக்கிய பெட்டிகள். அவற்றுக்கு நடுவே நாய்கள். அந்தச் சந்தை நெரிசலில் இரண்டு கருவிகளுக்கு மட்டும் எப்போதும் வழிவிட்டு வைத்திருந்தார்களே, அந்தப் புத்திக்கு ஒரு கும்பிடு போடலாம்.

பம்ப் செய்தார்கள். உயிர் போகிறது என்று தெரிந்தவர்கள் எப்படிச் செய்வார்களோ அப்படிச் செய்தார்கள்.

தீ தாழ்ந்தது. மறுபடி எழுந்தது.

மீண்டும் பம்ப்.

தாழ்ந்தது.

அணைந்தது.

எல்லாம் சேர்த்து மிகக் கொஞ்ச நேரம். குஸ்டாவ் உயிரோடு வெளியே வந்தார். கூடக் குதித்தவரும் வந்தார். தீ எங்கே தொடங்கியது என்று பிறகு தெரிந்தது: மண்ணெண்ணெயில் ஊறி, தொட்டிகள்மேல் கிடந்த அதே காட்டன் வேஸ்ட்.

கைதுடைக்கிற பஞ்சு!

ஃபிராங்க்ளினைப் பனி விழுங்கியது. பசி விழுங்கியது. பூகோளத்தின் மிகக் கொடூரமான கடல் ஒன்று விழுங்கியது. அமுண்ட்சென்னை ஒரு பிடி கழிவுப் பஞ்சு விழுங்கப் பார்த்தது. அப்படி நடந்திருந்தால் இந்தத் தொடரே இல்லை. இருந்தாலும் இரண்டே வரிதான்: 1903 கோடையில் கிளம்பியது ஒரு பழைய மீன்பிடிக் கப்பல், அப்புறம் தகவல் இல்லை.

கதை இங்கே முடிந்ததாகத்தான் அன்றிரவு கப்பலில் எல்லோரும் நினைத்தார்கள். அவர்கள் நினைப்பைத் திருத்தியது மறுநாள் காலை வெளிச்சம்.

விடிந்ததும் இன்ஜின் அறையை ஒழுங்கு செய்ய இறங்கினார்கள். கரி, சேறு, சிதறிய சாமான். ஒவ்வொன்றாக எடுத்து, துடைத்து, எது தேறும் எது தேறாது என்று பார்த்துக்கொண்டே வந்தார்கள். வந்த இடத்தில் ஒரு தொட்டியின் அருகே நின்றுவிட்டார்கள்.

அதன் குழாய்த் திருகைக் காணோம்.

இரவு நடந்த தள்ளுமுள்ளில் யாருடைய காலோ எந்தச் சாமானோ மோதி, திருகு அடியோடு பிய்ந்து போயிருந்தது. யார் மோதினார்கள் என்று எவருக்கும் நினைவில்லை. அந்தப் புகையில் தன் கையே தனக்குத் தெரிந்திருக்காது. நாம் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. தீ எரிந்துகொண்டிருந்தபோதே அந்தத் தொட்டி வாய் திறந்துவிட்டது.

திறந்த வாயிலிருந்து ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

ஏன்?

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். தீக்கு முன்னால் அமுண்ட்சென்னிடம் ஒரு சாதாரணப் புகார் வந்திருந்தது. இன்ஜின் பொறுப்பு பேடர் ரிஸ்ட்வெட்டுடையது. குஸ்டாவ் அவருக்குத் துணை. இன்ஜின் அறையில் நிரம்பிய தொட்டி ஒன்று ஒழுகுகிறது என்பதுதான் புகார். கப்பலில் இதெல்லாம் தினசரி விவகாரம். எங்கேயோ சொட்டும், எங்கேயோ இறுகும், எதுவோ முனகும். அமுண்ட்சென் சொன்ன வைத்தியமும் சாதாரணமானதுதான். காலியாக இருக்கிற இன்னொரு தொட்டிக்கு அந்த எண்ணெயைச் சீக்கிரம் மாற்றிவிடச் சொன்னார்.

எண்ணெய் மாற்றுவது அலுப்பான வேலை. கை நாறும், உடை நாறும், குனிந்து குனிந்து முதுகு ஒடியும். திசைகாட்டியே செத்துப்போய், நட்சத்திரத்தைப் பார்த்துக் கப்பல் ஓட்டிய களைப்பு வேறு. ஒழுகுகிற இடத்துக்குக் கீழே ஒரு டப்பாவை வைத்துவிட்டு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்ப் படுத்திருந்தால் யாரும் கோபித்திருக்க மாட்டார்கள்.

படுக்கவில்லை. உடனே மாற்றிவிட்டார்கள்.

திருகு பிய்ந்த தொட்டி அதுதான். அந்த ஒழுகல் தொட்டியேதான். தீ எரிந்த வேளையில் அது காலியாகக் கிடந்தது. மாற்றாமல் விட்டிருந்தால், 450 லிட்டருக்கும் மேலான மண்ணெண்ணெய் பிய்ந்த வாய் வழியாக எரிகிற அறைக்குள் கொட்டியிருக்கும். அப்போது குஸ்டாவ் கீழே நின்றாலும் ஒன்றுதான், மேலே ஓடியிருந்தாலும் ஒன்றுதான். அந்த இரண்டு கருவிகளைப் போல இருபது இருந்தாலும் பயனில்லை.

இரவு தீக்குள் நின்ற குஸ்டாவை எல்லாப் புத்தகங்களும் பாராட்டும். பாராட்டத்தான் வேண்டும். ஆனால் என்னைக் கேட்டால், யோவா பிழைத்தது அந்த இரவில் அல்ல. அதற்கு முன்னால், எந்த ஆபத்தும் கண்ணில் தெரியாத நேரத்தில், வாளியும் புனலுமாக யாரோ முணுமுணுத்துக்கொண்டே எண்ணெய் மாற்றினார்களே, அப்போதே பிழைத்துவிட்டது.

அவர்கள் உடனே செய்ததற்கு என்ன காரணம்? கேப்டனுக்குப் பயந்தா? இல்லை. யோவா அப்படிப்பட்ட கப்பலே இல்லை. கடுமையான சட்டதிட்டங்களை அமுண்ட்சென் ஏற்றிக்கொண்டு வரவில்லை. பிறர் அதட்டலுக்குக் கீழே வேலை செய்வது எவ்வளவு கசக்கும் என்று அவருக்குச் சொந்த அனுபவத்தில் தெரியும். ஆகவே அவரவர் துறையில் அவரவர் ராஜா. சமையலறையில் லிண்ட்ஸ்ட்ரோம் வைத்ததுதான் சட்டம். இன்ஜின் அறையில் ரிஸ்ட்வெட். தன் ராஜ்ஜியத்தில் ஒரு தொட்டி ஒழுகினால் அது ராஜாவுக்கே அவமானம் இல்லையா? அதட்டி வாங்கிய வேலையாக இருந்திருந்தால் மறுநாளுக்குப் போயிருக்கும் என்பது என் ஊகம். இது தன்மானத்தில் நடந்த வேலை.

இன்ஜின் அறையைக் கழுவினார்கள். நாட்குறிப்பில் விஷயம் ஏறியது. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இதைவிட மோசமாக இனி என்ன நடந்துவிடப் போகிறது?

மோசமாக நடக்க அதிக நேரம் பிடிக்கவில்லை.

பூத்தியா தீபகற்பத்தின் மேற்குக் கரையோரம். பக்கத்தில் மேட்டி தீவு. வரைபடத்தில் இந்த இடம் ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. ஆழம் எவ்வளவு என்று சொல்ல இதற்குமுன் எந்தக் கப்பலும் வந்ததில்லை. யோவா பாய் விரித்துப் போய்க்கொண்டிருந்தது.

தட்.

அடிவயிற்றில் ஓர் அடி.

மறுபடியும். தட். தட்.

நின்றுவிட்டது.

தண்ணீருக்கடியில் பரந்து கிடந்த ஒரு பார்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது கப்பல். யோவாவுக்கு எவ்வளவு ஆழம் வேண்டுமோ அதைவிடப் பாறைமேல் தண்ணீர் குறைவு. ஓதம் ஏறட்டும் என்று காத்திருந்தார்கள். சுமை குறையட்டும் என்று நாய்களின் உணவுப் பெட்டிகளில் கனமானவற்றைப் பார்த்துக் கடலில் தள்ளினார்கள். ஓதம் ஏறியது. கப்பல் அசையவில்லை. பாறைமேல் உட்கார்ந்துவிட்ட கப்பலுக்கு 13 குதிரைகள் இருந்தும் இல்லாத கணக்குதான்.

நள்ளிரவு கழிந்தது. வடக்கிலிருந்து காற்று கிளம்பியது. முதலில் சீண்டிப் பார்த்தது. பிறகு சீறியது. விடிவதற்குள் புயல்.

அமுண்ட்சென் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. அப்படியே கிடந்து அலைகளிடம் அடிவாங்கலாம். கப்பல் எத்தனை அடி தாங்கும் என்று தெரியாது. அல்லது இதே புயலைப் பாயில் பிடித்து, பாறையின் முதுகுமேல் கப்பலைத் தேய்த்து இழுத்து, அந்தப் பக்கம் தள்ளிவிடலாம். பாறையின் மறுமுனைவரை கப்பல் முழுசாகப் போய்ச் சேருமா என்பதும் தெரியாது.

பாய்களை ஏற்றச் சொன்னார்.

யோவா எழும்பியது. விழுந்தது. ஒவ்வொரு முறை விழும்போதும் முதுகெலும்பு நொறுங்குவது போன்ற ஓசை. நுரையும் ஆலங்கட்டியும் மேல்தளத்தைச் சாட்டையால் அடித்தன. பாய்மரம் நடுங்கியது. உச்சியில் தொற்றிக்கொண்டு அமுண்ட்சென் முன்னால் பார்த்தார். பாறை இன்னும் தண்ணீருக்கு அருகே வந்துகொண்டிருந்தது. கீழே பார்த்தார். கப்பலைச் சுற்றி என்னவோ மிதந்தது.

மரச் சிராய்கள்.

யோவாவின் சொந்த அடிமரம்.

இரண்டு நாளைக்குமுன் தீ தின்னாமல் விட்ட கப்பலை இப்போது பாறை துண்டு துண்டாகத் தின்றுகொண்டிருந்தது. கப்பலைக் காப்பாற்ற நினைத்து ஆறு பேரையும் சாகக் கொடுப்பதா? ஆட்களைக் காப்பாற்ற நினைத்து, கண் முன்னால் கிடக்கும் கனவைக் கைகழுவுவதா? படகில் தப்பினாலும் எங்கே போவது? ஃபிராங்க்ளினின் ஆட்களும் இதே பகுதியில்தான் கப்பலை விட்டு இறங்கி நடந்தார்கள். அந்த நடை எங்கே முடிந்தது என்று அமுண்ட்சென் சிறுவயதிலேயே படித்துவிட்டார்.

கயிற்றைப் பிடித்து மேல்தளத்துக்கு இறங்கினார். முடிவைச் சொன்னார். படகுகளைத் தயார் செய்யுங்கள். உணவு, துப்பாக்கி, தோட்டா, எல்லாவற்றையும் ஏற்றுங்கள்.

யாரும் மறுத்துப் பேசவில்லை. கைகள் கயிற்றை நோக்கிப் போயின.

அவருக்கு மிக அருகில் ஆன்டன் லுண்ட் நின்றார். கப்பலில் எல்லோரையும்விட மூத்தவர், பனிக்கடலிலேயே வாழ்க்கையைக் கழித்த பழம் தின்று கொட்டை போட்ட மாலுமி. மேல்தளத்தை ஒருமுறை பார்த்தார். கேப்டனின் முகத்தைப் பார்த்தார்.

பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

அமுண்ட்சென் தன் மனத்துக்குள் ஒளித்து வைத்திருந்து, மற்றவர்களின் உயிரை எண்ணி வாய்விட்டுச் சொல்லத் துணியாத அதே விஷயம் அது.

(அடுத்த வாரம்: லுண்ட் கேட்ட கேள்வி)